பாலைவனக் குளிர்காலத்தில் கிராவல் சைக்கிள்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

நவம்பர் முதல் மார்ச் வரை தென் அரிசோனாவின் டூசான், பட்டகோனியா, ஆஹோ பக்கம் தங்கி மண்சாலை ஓட்டுபவர்களுக்கு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை முள், தூசி, வறட்சி என்ற மூன்றில் அடங்கிவிடும். விலை உயர்ந்த பாகம் உண்மையிலேயே கெட்டுப்போவது குறைவு. சீட்போஸ்டில் (சீட்டைத் தாங்கும் தண்டில்) புகுந்த மணலின் சத்தத்துக்கு பாட்டம் பிராக்கெட்டை (கிராங்க் சுழலும் பேரிங் தொகுதியை) மாற்றுவதுதான் அடிக்கடி நடக்கிறது. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில், பணம் கேட்கும் காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

கீழே உள்ள அளவுகள் 40 முதல் 45 மி.மீ அகல டியூப்லெஸ் டயர், டிஸ்க் பிரேக், சுமார் 70 கிலோ எடையுள்ள ஆள் என்ற கணக்கில் சொல்லப்பட்டவை.

## அறிகுறி: இரவு சரியாக இருந்த டயர் காலையில் இறங்கியிருக்கிறது

இரண்டு டயரும் ஒரே அளவு, 3 அல்லது 4 பி.எஸ்.ஐ மட்டும் இறங்கியிருந்தால் அது ஓட்டை அல்ல, குளிர். டூசானில் டிசம்பர், ஜனவரி பகல்கள் 18, 20 டிகிரியில் இதமாக இருக்கும். விடியற்காலை 4 டிகிரிக்கு வந்துவிடும். பட்டகோனியா இன்னும் உயரத்தில் இருப்பதால் அங்கே பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். 25 டிகிரி அறைக்குள் 35 பி.எஸ்.ஐ வைத்த டயர், 2 டிகிரி வெளிக்காற்றில் 31 காட்டும். வண்டியை வெளியே வைத்து, புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பு காற்றை அளந்து நிரப்புங்கள். மதியம் கொஞ்சம் ஏறும் என்பதால் காலையிலேயே கூடுதலாக அடைத்துவிட வேண்டாம்.

ஒரு டயர் மட்டும் இறங்கியிருந்தால், இந்த வரிசையில்:

1. வால்வு கோர், அதாவது வால்வுக்குள் திருகி உட்காரும் ஊசிப் பகுதி. மூடியைக் கழற்றி எச்சில் தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் கோர் தளர்ந்திருக்கிறது. கோர் சாவியால் கால் சுற்று இறுக்கினால் போதும். காற்று அடிக்கும்போதே பம்ப் முரண்டு பிடித்தால் கோருக்குள் சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) உறைந்திருக்கிறது. புது கோர் போடுங்கள். விலை அற்பம், இரண்டு எப்போதும் பையில் இருக்கட்டும்.

2. காய்ந்த சீலன்ட். இந்தப் பாலைவனத்தின் முதல் குற்றவாளி இதுதான். ஈரக்காற்றுள்ள ஊரில் மூன்று நான்கு மாதம் தாங்கும் லேடெக்ஸ் சீலன்ட், இங்கே நான்கு முதல் ஆறு வாரத்தில் ரப்பர் உருண்டையாகிவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சளசளவென்று திரவம் ஓடினால் சரி. சத்தமே இல்லை என்றாலோ, ஏதோ ஒன்று உருண்டு இடித்தாலோ உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. கோரைக் கழற்றி, மெல்லிய கேபிள் டையை உள்ளே விட்டு நனைகிறதா என்றும் பார்க்கலாம். வழக்கமான அளவு 60 மி.லி, இங்கே தொடக்கத்தில் 90 மி.லி ஊற்றி, மாதம் ஒரு முறை 30 மி.லி சேருங்கள். வடக்கே குளிர் ஊரிலிருந்து வண்டியோடு வந்து இறங்கியவர்கள், போன கோடையில் ஊற்றியதை நம்பி முதல் நாளே கிளம்பக் கூடாது.

3. ஏற்கெனவே குத்தியிருக்கும் முள். சோப்பு நீரை டயர் முழுக்கத் தடவி ஒரு சுற்று பாருங்கள்.

4. ரிம் டேப், அதாவது ரிம்மின் ஸ்போக் துளைகளை மூடும் பட்டை. ஸ்போக் துளைகளின் வழியாகவோ வால்வைச் சுற்றியோ காற்று கசிந்தால் டேப் நகர்ந்திருக்கிறது. டயரைக் கழற்றி, ரிம்மை ஆல்கஹாலால் துடைத்து, ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 3 மி.மீ கூடுதல் அகலமுள்ள டேப்பை இழுத்து ஒட்டுங்கள்.

டேப் புதிதாகவும் ஒழுங்காகவும் இருந்து, ரிம் விளிம்பிலேயே குமிழ் வந்தால் விரிசல் இருக்கலாம். கார்பன் ரிம்மில் அது வீட்டு வேலை அல்ல. கடைக்குப் போங்கள், அதுவரை ஓட்டாதீர்கள்.

## அறிகுறி: ஓட்டத்தில் சீறுகிறது

முதலில் முள்ளின் சாதி தெரிய வேண்டும்.

கோட்ஹெட் என்று இங்கே எல்லோரும் திட்டும் முள் வேறொன்றுமல்ல, நம் வரப்போரத்து நெருஞ்சி. கடல் கடந்து வந்து இங்கே களையாகிவிட்டது. காய் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானத்தைப் பார்க்கும். ஊர் ஓரம், சாலைத் தோள், கார் நிறுத்துமிடம் போன்ற கலைந்த மண்தான் அதற்குப் பிடித்த இடம். ஆக, உள்காட்டில் ஓட்டும்போது கிடைப்பதைவிட, வண்டியைக் காரிலிருந்து இறக்கி உருட்டும்போது கிடைப்பதே அதிகம். பாதை தொடங்கும் இடம்வரை தூக்கிக்கொண்டு போங்கள். பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

உள்ளே போனால் மெஸ்கீட் முள். நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு, அதே குணம்: நீளம், கடினம், காய்ந்த குச்சியோடு தரையில் கிடக்கும். அடுத்தது சோயா (cholla) கள்ளி. அதன் முள்ளின் நுனியில் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் ஏறினால் இறங்காது.

சீறல் மெலிதாக, சீலன்ட் துளி தெறித்தால்: முள்ளைப் பிடுங்கி, ஓட்டையைக் கீழே வருமாறு சக்கரத்தைச் சுழற்றி, அரை நிமிடம் அப்படியே நிறுத்துங்கள். நின்றுவிடும். சீலன்ட் புதியதா என்பதில் சந்தேகம் இருந்தால் முள்ளைப் பிடுங்காதீர்கள். அந்த முள்தான் இப்போதைக்கு அடைப்பு. நுனி உடைந்து உள்ளேயே நின்றாலும் பரவாயில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்.

நின்று நின்று மீண்டும் சீறினால்: ஓட்டை 3 மி.மீ அளவுக்கு மேல். பிளக் ஸ்ட்ரிப் போடுங்கள். கார் டயருக்குப் பஞ்சர் கடையில் செருகுவார்களே, அதே பழுப்பு ஸ்ட்ரிப்பின் மெலிந்த தம்பி. வெளியே 5 மி.மீ விட்டு வெட்டுங்கள். சமமாக வெட்டினால் உள்ளே போய்விடும். காற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடு குப்பியைப் பயன்படுத்தினால் வால்வை மேலே வைத்து அடியுங்கள். கீழே இருந்தால் உறைநிலைக் காற்று நேராகச் சீலன்டில் பட்டுத் திரித்துவிடும். கை பம்ப் மெதுவாக இருந்தாலும் இந்தத் தொல்லை இல்லை.

பக்கச்சுவர் கிழிந்தால்: பிளக் நிற்காது. உள்ளே ஒரு டயர் பூட் (கிழிசலை உள்ளிருந்து தாங்கும் துண்டு) வையுங்கள், இல்லாவிட்டால் பழைய டயர்த் துண்டு. இரண்டு செ.மீ.க்கு மேற்பட்ட கிழிசலை வலுவான நூலால் நான்கு தையல் போட்டு, பிறகு டியூப். இதுதான் அன்றைய ஓட்டத்தின் முடிவு. கிட்டத்திலுள்ள தார்ச்சாலைக்கு 25 பி.எஸ்.ஐயில் மெதுவாகத் திரும்புங்கள். டயர் குப்பைக்குத்தான்.

டியூப் போட்டதும் உடனே அதுவும் பஞ்சரானால்: இந்தப் பொறியில் விழாதவர் குறைவு. டியூப்லெஸ் ஓட்டும்போது பத்திருபது முள்நுனிகள் டயருக்குள் குத்தி, சீலன்ட் மூடி, நமக்குத் தெரியாமலே இருக்கும். அவ்வளவும் உள்பக்கம் நீட்டிக்கொண்டு புது டியூப்புக்காகக் காத்திருக்கும். டியூப் வைக்கும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவுங்கள், விரலால் வேண்டாம். துணி சிக்கும் ஒவ்வொரு இடத்திலும் சின்ன குறடால் பிடுங்குங்கள். இருபது நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் இரண்டாவது டியூப்பும் போகும்.

பையில் குறைந்தபட்சம்: டியூப் இரண்டு, ஸ்ட்ரிப் ஐந்து, ஒட்டுப்போடும் பெட்டி, மூக்குக் குறடு, பம்ப், 60 மி.லி சீலன்ட். கடைசி டியூப் சக்கரத்துக்குள் போன நொடியே பாதையை மாற்றி வீடு திரும்ப வேண்டும். டிசம்பர் இறுதியில் டூசானில் சுமார் 5.20 மணிக்கே சூரியன் மறைகிறது. இருட்டியதும் குளிர் சரசரவென்று இறங்கும். சான் ரஃபேல் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் போன் சிக்னலை நம்ப முடியாது.

## அறிகுறி: மணல் ஓடையில் முன்சக்கரம் புதைந்து திரும்புகிறது

காற்று அதிகம். 35 பி.எஸ்.ஐயை 25க்கு இறக்குங்கள், 50 மி.மீ டயர் என்றால் 20. மணலுக்குள் நுழையும் முன்பே எளிய கியருக்கு மாறி, எடையைப் பின்னால் தள்ளி, ஹேண்டிலைத் தளரப் பிடித்து மிதியுங்கள். அப்படியும் புதைந்தால் இறங்கி நடங்கள். கல்பாதை திரும்பியதும் காற்றை ஏற்ற மறந்தால் ரிம் அடிபடும்.

## அறிகுறி: செயின் கரகரக்கிறது, கறுப்புக் கூழ் வடிகிறது

ஈரத்துக்கான ஆயிலோடு இங்கே வந்தால் ஒரே ஓட்டத்தில் செயின் உப்புத்தாள் ஆகிவிடும். மண்தூசி ஆயிலில் ஒட்டி, தேய்க்கும் பசையாகிறது. கரகர கேட்டதும் மேலும் ஆயில் ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

*கூழ் மட்டும், செயின் தேயவில்லை:* உலர்ந்த துணியால் பின்னோக்கி மிதித்துத் துடையுங்கள். துணி கறுக்காமல் வரும்வரை. பிறகு உலர் ஆயில் அல்லது சொட்டு மெழுகு, ஒரு உருளைக்கு ஒரு சொட்டு. சொட்டு மெழுகை முந்தின இரவே போட வேண்டும். காலையில் போட்டால் காயாது.

*இரண்டு மூன்று மாதம் தங்குவதாக இருந்தால்:* உருக்கிய மெழுகுக்கு மாறிவிடுங்கள். புது செயினில் கம்பெனி கிரீஸ் இருக்கும். அதை மினரல் டர்பன்டைனில் இரண்டு மூன்று முறை, கடைசியாக ஆல்கஹாலில் அலசி உலர்த்துங்கள். பழைய மின்சாரக் குக்கரில் மெழுகை 90 டிகிரி அளவில் உருக்கி, செயினைப் பத்து நிமிடம் ஊறவிட்டு ஆட்டி எடுத்துத் தொங்கவிடுங்கள். கேஸ் அடுப்பில் உருக்காதீர்கள், தீப்பற்றும். தூசிப் பாதையில் 200 முதல் 300 கி.மீ.க்கு ஒரு முறை மறுபடி முக்க வேண்டும்.

*சுத்தம் செய்த பிறகும் கரகர:* அளந்து பாருங்கள். அங்குல அளவுகோலின் பூஜ்யத்தைச் செயினின் ஒரு பின்னின் (கண்ணிகளை இணைக்கும் ஊசியின்) நடுவில் வைத்தால், 12 அங்குலத்தில் இன்னொரு பின் சரியாக விழ வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி விழுந்தால் செயின் மட்டும் மாற்றினால் போதும். 1/8 தள்ளியிருந்தால் கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுதி) சேர்ந்து போயிருக்கும்; செலவு பல மடங்கு. இந்த இடைவெளியைக் கடக்காமல் பார்த்துக்கொள்வதற்கே வாரம் ஒரு முறை அளப்பது.

காசு போட்டுக் கழுவும் கார் நிலையங்களின் அழுத்தக் குழாயை வண்டியிடம் கொண்டுபோகாதீர்கள். தூசியைத் தண்ணீரோடு சேர்த்துப் பேரிங்குக்குள் அனுப்பிவிடும். இங்கே உலர்ந்த பிரஷ்ஷே போதும்.

## அறிகுறி: கியர் தாவுகிறது, அல்லது மாறவே இல்லை

விழுந்தபின், அல்லது காரில் ஏற்றி இறக்கியபின் தொடங்கியதா? ஹேங்கர் வளைந்திருக்கிறது. கியர் மாற்றும்போது செயினைத் தள்ளும் பின் டீரெய்லரை ஃபிரேமில் தாங்கும் சின்ன உலோகத் துண்டு அது. பின்னால் நின்று பாருங்கள்: டீரெய்லரின் கூண்டு கேசட்டுக்கு இணையாக, நேர்கோட்டில் இருக்க வேண்டும். பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது ஸ்போக்கில் உரசுகிறது என்றால் அந்தக் கியரைத் தொடாமல் வீட்டுக்குப் போங்கள். ஸ்போக்குக்குள் போனால் சக்கரமும் டீரெய்லரும் சேர்ந்து போகும். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் மாற்று ஹேங்கரை ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். வடிவங்கள் ஏராளம், உங்களுடையது கடையில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். நிமிர்த்துவதைக் கடைக்காரரின் அளவு கருவியிடம் விடுங்கள்.

கேபிள் கியர், மெதுவாக மாறுகிறது: உறைக்குள் தூசி. பேரல் அட்ஜஸ்டரை (கேபிளின் இழுப்பைச் சரிசெய்யும் திருகு) அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். பலனில்லை என்றால் கேபிளும் உறையும் புதிது.

மின்கியர், திடீரென்று மௌனம்: பேட்டரி. ஸ்ராம் ஏ.எக்ஸ்.எஸ் வண்டிகளைக் கார் ரேக்கில் மாட்டும்போது அதிர்வு உணரி விழித்துக்கொண்டே இருக்கும். மூன்று மணி நேரக் கார்ப் பயணம் பேட்டரியைத் தின்னும். பேட்டரியைக் கழற்றி, மூடி போட்டுப் பையில் வையுங்கள். வழியில் பின் டீரெய்லர் செத்தால், முன் டீரெய்லர் இருக்கும் வண்டியில் அதன் பேட்டரியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், இரண்டும் ஒன்றே. லீவர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் உள்ளே உள்ள சி.ஆர் 2032 பட்டன் செல்.

## அறிகுறி: வாஷ்போர்டு சாலைக்குப் பின் டக், கீச், கடகட

ரெடிங்டன் ரோட்டில் தார் முடிந்த பிறகு வரும் அலையலையான மேடுபள்ளம் எந்தத் திருகையும் தளர்த்தும். சத்தம் எங்கிருந்து என்று காதால் தேடாதீர்கள், ஃபிரேம் சத்தத்தைக் கடத்தும். பிரித்துப் பாருங்கள்:

எழுந்து நின்று மிதிக்கும்போது சத்தம் போய்விட்டால் சீட்டும் சீட்போஸ்டும். மிதிக்காமல் ஹேண்டிலை இழுத்தாலே வந்தால் ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிக்கும் பாகம்), ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்). கிராங்க் சுற்றுக்கு ஒரு முறை என்றால் பெடல், ஷூ கிளீட் (பெடலில் பூட்டும் ஷூ அடித்தகடு), கிராங்க். சக்கரச் சுற்றுக்கு ஒரு முறை என்றால் ஸ்போக் அல்லது ரோட்டார் (பிரேக்கின் டிஸ்க் தட்டு). மிதிக்காமல் உருளும்போதும் கடகட என்றால் பாட்டில் கூடு, பை, விளக்கு.

சீட்போஸ்ட்தான் அதிகம் ஏமாற்றும். உயரத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்து, வெளியே இழுத்து, போஸ்டையும் குழாயின் உள்பக்கத்தையும் துடையுங்கள். கார்பன் என்றால் கார்பன் பேஸ்ட், உலோகம் என்றால் கிரீஸ். அதன்மேல் அச்சிட்ட அளவுக்கே இறுக்குங்கள், பெரும்பாலும் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர். த்ரூ ஆக்சிலையும் (சக்கரத்தைப் பூட்டும் அச்சு) கழற்றி, மணலைத் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசி மாட்டுங்கள். பாதிச் சத்தங்கள் இங்கேயே தீரும்.

ஹெட்செட்டுக்கு: முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விரல் வைத்த இடத்தில் லொடலொட என்றால், ஸ்டெம்மின் பக்கத் திருகுகளைத் தளர்த்தி, மேல்மூடித் திருகை ஆட்டம் நிற்கும்வரை மட்டும் இறுக்கி, பிறகு பக்கத் திருகுகள். ஸ்டெம்மில் அச்சிட்டது இல்லையென்றால் 5 நியூட்டன் மீட்டர். சென்டர்லாக் வகை ரோட்டாரைப் பூட்டும் வளையத்துக்கு 40 வேண்டும். கையளவுச் சாவியால் அது வராது.

பாட்டில் கூட்டுத் திருகு சுற்றிக்கொண்டே இருந்து இறுகவில்லை என்றால் ஃபிரேமுக்குள் இருக்கும் ரிவெட் நட் கழன்றிருக்கிறது. பலம் போடாதீர்கள், கடை வேலை. மேற்சொன்ன அனைத்தும் முடிந்து, கிராங்க் சுற்றுக்கு ஒரு முறை வரும் சத்தம் மட்டும் மிஞ்சினால், இப்போது பாட்டம் பிராக்கெட்டைப் பற்றிப் பேசலாம். ஃபிரேமில் மயிரிழை போல் கோடு தெரிந்தால் அது தூசியா விரிசலா என்று துடைத்துப் பாருங்கள். துடைத்தும் போகாவிட்டால் அந்த வண்டியில் ஏற வேண்டாம்.

## அறிகுறி: பிரேக் கத்துகிறது, அல்லது லீவர் ஹேண்டில்வரை வருகிறது

உலர் தூசியில் கத்துவது சகஜம். ரோட்டாரை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். தொடர்ந்தால் பேடுகளைக் கழற்றி 120 உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மாட்டி, இருபது முறை வேகமெடுத்து, முழுதாக நிற்காமல் பிரேக் பிடியுங்கள். ஆயில் ஊறிய பேட் திரும்பாது, புதிது போடுங்கள். ஷிமானோ கணக்கில் பேடின் பொருள் 0.5 மி.மீ ஆனதும், ரோட்டார் 1.5 மி.மீ.க்கு வந்ததும் மாற்ற வேண்டும்.

லீவர் உள்ளே வந்து, பம்ப் செய்தால் கெட்டியாகிறது என்றால் குழாயில் காற்று. இதை வழியில் சரிசெய்ய முடியாது, மவுன்ட் லெம்மன் போன்ற இறக்கத்துக்கும் போகக் கூடாது. பிளீட் செய்ய, அதாவது காற்றை வெளியேற்ற, கடைக்குக் கொடுங்கள். நீங்களே செய்வதாக இருந்தால் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மினரல் ஆயில் கேட்கும் பிரேக்கில் டாட் திரவம் ஊற்றினால் சீல்கள் வீங்கி முழுத்தொகுதியும் போகும்.

## அறிகுறி: மழைக்கு மறுநாள் சக்கரமே சுற்றவில்லை

குளிர்கால மழை அரிது, ஆனால் பெய்தால் களிமண் சாலை வேர்க்கடலை வெண்ணெய் போலாகும். பத்து சுற்றில் ஃபோர்க் அடைத்துவிடும். அந்த நிலையில் பலமாக மிதித்தால் டீரெய்லர் முறுக்கி ஹேங்கர் உடையும். இறங்குங்கள். தூக்கிக்கொண்டு ஓரத்துக் கல்லிலோ புல்லிலோ நடங்கள். தட்டையான குச்சியால் சுரண்டுங்கள், தண்ணீர் பாட்டிலை வீணாக்காதீர்கள். வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரம் காய்ந்தபின் மண் தானே உதிரும். அப்படிப்பட்ட சாலையில் நாளை ஓட்டுவதே நல்லது. ஈரத்தில் விழும் தடம் காய்ந்து மாதக்கணக்கில் எல்லோருடைய மணிக்கட்டையும் பதம் பார்க்கும்.

## அறிகுறி வண்டியில் இல்லை, ஆளிடம்

சோயா உருண்டை காலில் ஒட்டிவிட்டது: வெறும் கையால் தொடாதீர்கள், கையும் ஒட்டும். அகலப்பல் சீப்பைத் தோலுக்கும் உருண்டைக்கும் நடுவே நுழைத்து, முகத்துக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் எதிர்த்திசையில் சுண்டிவிடுங்கள். மிச்ச முள்ளைக் குறடால். சப்பாத்திக்கள்ளியின் மயிர்முள் என்றால் வெள்ளைப் பசை தடவி மெல்லிய காஸ் துணி ஒட்டி, காய்ந்ததும் உரியுங்கள். கண்ணருகிலோ மூட்டுக்குள்ளோ குத்தியது மருத்துவருக்கு.

தூசியில் ஓட்டி ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், இருமல், காரணமில்லாத அசதி: சளி என்று விட்டுவிடாதீர்கள். அரிசோனா மண்ணில் வாழும் பூஞ்சையின் விதைத்துகளைச் சுவாசிப்பதால் வரும் பள்ளத்தாக்குக் காய்ச்சலாக இருக்கலாம். பலருக்குத் தானே தீரும். சர்க்கரை நோய், நோயெதிர்ப்புக் குறைவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கடுமையாகலாம். காற்றடிக்கும் நாளில் கூட்டத்தின் கடைசியில் ஓட்டாமல் இருப்பது ஓரளவு காக்கும். ஊர் திரும்பியபின் அறிகுறி தொடங்கினால், சென்னையிலோ டொரொன்டோவிலோ உள்ள மருத்துவருக்கு இது முதலில் தோன்றாது; எக்ஸ்ரே காசநோய் போலவும் நிமோனியா போலவும் தெரியும். அரிசோனாவில் மண்சாலை ஓட்டியதையும் தேதியையும் நீங்களே சொல்லி, இதற்கான ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள்.